இடது தோளில் ஒரு கை

அந்தக் கை இடது தோளில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினாலும் இடது தோளில்தான் இருந்தது, சிறிதாக்கினாலும் அங்கேயேதான் இருந்தது. டச்சிங்காரர் கைக்குட்டையை எடுத்துக் கணினித் திரையை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். திரையில் இருந்த விரல்ரேகை போனது, கை போகவில்லை.

பழைய படங்களில் உள்ள கீறல், தூசி, கறை எல்லாவற்றையும் 'டச்சிங்' செய்து எடுத்து அச்சுக்குத் தயார் செய்வது அந்த அச்சகத்தில் அவர் வேலை. அதனால் வாட்ச்மேன் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் டச்சிங்காரர்தான். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு முடி வளர்த்துவிட்டிருக்கிறார். எத்தனையோ தொப்பைகளைக் கரைத்திருக்கிறார். ஆனால் வந்த படத்தில் தன் சொந்த மனைவியே நிற்பது இதுதான் முதல் தடவை. அதுவும் எவனோ ஒருத்தன் கையைத் தோளில் சுமந்துகொண்டு.

'லிஃப்ட் பழுது' என்று ஒரு காலத்தில் ஓர் இசைக்குழு இருந்தது. மாற்று ராக் என்று சொல்லிக்கொண்டார்கள். எதற்கு மாற்று என்பது டச்சிங்காரருக்குத் தெரியாது. ஒன்பது வருடத்தில் பதினோரு தனிப்பாட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளியிட்டுவிட்டு, முழுசாக ஓர் ஆல்பம்கூடப் போடாமல், நாலு பேரும் நாலு திசைக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபது வருடம் கழித்து இப்போது அந்தப் பதினொன்றையும் தேடிப் பிடித்து ஒன்றாகத் தொகுத்து 'தனித்தனியாக' என்ற பெயரில் பெரிய கறுப்பு இசைத்தட்டாகக் கொண்டுவருகிறார்கள். அதன் அட்டை உறை இந்த அச்சகத்தில்தான் அச்சாகிறது.

தங்கள் முகத்தை எந்த உறையிலும் போடுவதில்லை என்பது அந்தக் குழுவின் கொள்கையாம். அதனால் முகப்புக்கு, கடைசிக் கச்சேரியின்போது டிரம் வாசிப்பவர் மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். முன்வரிசையில் முப்பது நாற்பது தலைகள். புள்ளி புள்ளியாய், மாவு தூவின மாதிரி ஒரு படம். அதில் இடமிருந்து ஏழாவதாக, கழுத்தளவு வெட்டின கூந்தலும் வட்டக் கண்ணாடியுமாக ஒரு பெண். பாட்டுக் கேட்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும் அந்தச் சாய்வு. வீட்டு அலமாரியில் மனைவியின் கல்லூரிக் காலப் படம் ஒன்று இருக்கிறது, அதிலும் இதே கூந்தல், இதே கண்ணாடி. பதினைந்து வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கைக்குச் சொந்தக்காரனின் முகம் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் எவனோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடியதில் முகம் மறைந்துவிட்டது. கை மட்டும் உரிமையோடு வந்து உட்கார்ந்திருந்தது. அழகான கை. அதுதான் டச்சிங்காரருக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அன்று மாலை மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டச்சிங்காரர் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஆரம்பித்தார்.

"லிஃப்ட் பழுதுன்னு ஒரு பாட்டு குரூப் இருந்துச்சாமே. கேள்விப்பட்டிருக்கியா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க. காலேஜ்ல எனக்கு உசுரே அதுதான்."

"உசுரா?"

"ஆமா. 'இன்னொருத்தர் குடை'ன்னு ஒரு பாட்டு போட்டாங்க பாருங்க. கேட்டா ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது."

டச்சிங்காரருக்கு இப்போதே இறங்காது போலிருந்தது. "கச்சேரிக்கெல்லாம் போயிருக்கியா?"

"ஒரே ஒரு தடவை. அவங்க கடைசிக் கச்சேரிக்கு."

"யாரோட?"

"ஃப்ரெண்ட்ஸோட."

"எந்த ஃப்ரெண்ட்ஸ்?"

"இப்ப பேரைச் சொன்னா மட்டும் உங்களுக்குத் தெரியவா போகுது? போர்வையை இழுத்துப் பிடிங்க, சுருங்குது பாருங்க."

அவர் இழுத்துப் பிடித்தார். "நல்லா முன்னாடி இடம் கிடைச்சிருக்குமே."

"முன்னாடியா? நீங்க வேற. கடைசில, கதவை ஒட்டி நின்னோம். எனக்கு முன்னால ஒரு நெட்டையன். ரெண்டு மணி நேரமும் அவன் முதுகைத்தான் பார்த்தேன், மேடையைக் கண்ணாலயே பார்க்கல."

சொல்லிவிட்டு மனைவி சிரித்தாள். எவ்வளவு சரளமாக ஒரு பொய். பதினைந்து வருடத்தில் அவருக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. அந்த நெட்டையனைக்கூட எப்படி உயரம் பார்த்து உருவாக்கிவிட்டாள் என்று அவர் ஆடிப்போய்விட்டார்.

படத்தைக் காட்டி நேராகவே கேட்டிருக்கலாம். ஆல்பம் வெளியாகும்வரை உறையை வெளியாள் யாருக்கும் காட்டுவதில்லை என்று அச்சகத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்பது ஒரு காரணம். உண்மைக் காரணம் வேறு. படத்தைக் கொடுத்தால் அவள் முதலில் தன் முகத்தைப் பார்ப்பாளா, அந்தக் கையைப் பார்ப்பாளா? கையைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்துவிட்டால் அப்புறம் அவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போர்வையின் மறுமுனையைப் பிடிப்பார்? கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. கேட்காமல் இருக்கும் தைரியமும் இல்லை.

மறுநாள் காலை ஒரு முடிவோடு வேலையில் உட்கார்ந்தார். படத்தின் அந்த மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கினார். கையும் கையைச் சேர்ந்தவனும் கரியில் விழுந்த மாதிரி மறைந்தார்கள். கேட்டால் பழைய படம், அந்தப் பக்கம் வெளிச்சம் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். மாதிரி அச்சை ஆல்பம் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஒரு டீ வாங்கிவைத்துக்கொண்டார்.

டீ ஆறுவதற்குள் கம்பெனியிலிருந்து பேசினார்கள். ஆல்பத்தின் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட இளம்பெண் அவள்.

"சார், பிரமாதம் பண்ணிட்டீங்க."

"என்ன மேடம் பண்ணினேன்?"

"அந்தப் பக்கத்தை இருட்டாக்கினீங்க பாருங்க, அதுல கண்ணாடி போட்ட பொண்ணு மட்டும் பளிச்சுன்னு தெரியுது. இத்தனை நாள் அந்த முகம் எங்க கண்ணுலயே படல. இனிமே அவங்கதான் கவர். மத்தவங்களையெல்லாம் வெட்டிடுங்க."

"வெட்டிடறதா?"

"அட்டை முழுக்க அந்த முகம்தான். அப்புறம் சார், அவங்க தோள்மேல இருட்டுல ஏதோ உட்கார்ந்திருக்கு. பூனையா, காக்காவான்னு இங்க பந்தயமே கட்டிட்டாங்க. அதைக் கொஞ்சம் தெளிவா எடுத்துக் காட்டுங்க."

நாற்பது பேரில் ஒருத்தியாக இருந்தவளை, பன்னிரண்டு அங்குல அட்டை முழுக்க ஒரே ஒருத்தியாக ஆக்கிய பெருமை டச்சிங்காரரையே சேர்ந்தது. அவள் பெரிதாக ஆக, கையும் பெரிதானது. சின்னப் படத்தில் தெரியாத நகங்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சுத்தமாக வெட்டியிருந்தான் படுபாவி.

இருட்டு உதவவில்லை என்றதும் அவர் அடுத்த காரியத்தைச் செய்தார். கையை அடியோடு எடுத்துவிட்டார். விரல் விரலாக அழித்து, அந்த இடத்தில் சட்டைத் துணியை நூல் நூலாக வரைந்து, தோளை முழுசாக்கிவிட்டார். பதினெட்டு வருட அனுபவமும் அந்த ஒரு தோளில் இறங்கியிருந்தது. மறுபடி மாதிரி அச்சு போனது.

இந்தத் தடவை பேசியது அந்தப் பெண் இல்லை. கரகரவென்று ஒரு ஆண் குரல். குழுவின் பாடகர்.

"கை எங்கங்க?"

"எந்தக் கை சார்?"

"அந்தப் பொண்ணு தோள்ல இருந்த கை. பழைய படத்தை மேஜைமேல வச்சுக்கிட்டுத்தான் கேக்கறேன். ஒரு பொண்ணு, கூட்டத்துல அவ தோள்ல ஒரு கை, ஆனா கைக்குச் சொந்தக்காரன் முகம் இல்ல. எங்க பதினோரு பாட்டும் அதைப் பத்தித்தாங்க. கை இல்லன்னா அந்த உறையே வேண்டாம், வெறும் கறுப்பு அட்டையில போட்டுக்கறேன்."

"இல்ல சார், சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"நாங்க சுத்தமா வாசிச்சதே இல்லைங்க. கையைக் கொண்டாங்க."

மேலாளரும் வந்து மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டார். "அடுத்தவன் கையை எடுக்கச் சொல்லி யாருய்யா உன்கிட்ட சொன்னா? நாளைக்கு அச்சுக்குப் பிளேட் போட்டாகணும்" என்று அவர் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மூலப்படம் கணினியில் பத்திரமாக இருந்தது. ஒரு விசையைத் தட்டினால் கை தோளுக்குத் திரும்பிவிடும். டச்சிங்காரர் விசைமேல் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முடியவில்லை. அந்தக் கையைத் தன் மனைவியின் தோளில் தானே எடுத்து வைப்பதா? பொறாமைதான். அதற்கு வேறு பெயர் சொல்லி மரியாதை செய்ய அவரே விரும்பவில்லை. தான் அவளைப் பார்ப்பதற்கு ஐந்து வருடம் முன்பே ஒருவன் அவ்வளவு சுலபமாகத் தோளில் கை போட்டிருக்கிறான். தனக்கு இன்றைக்கும் சாலையைக் கடக்கும்போது மட்டும்தான் அந்தத் துணிச்சல் வருகிறது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அந்தத் தோளில் ஒரு கை இருந்தே ஆக வேண்டும் என்றால், அது யாருடைய கையாக இருப்பது நியாயம்?

மதியம் அச்சு இயந்திரத்துக்கு ஓய்வு விட்ட நேரத்தில், மெஷின்காரரைத் தன் அறைக்குள் அழைத்துவந்து சுவரோரம் நிற்க வைத்தார். மீசையும் தோளும் தாராளமாக உள்ள மனிதர் அவர்.

"கொஞ்சம் தலையைச் சாய்ச்சு நில்லுங்க. பாட்டுக் கேக்கற மாதிரி."

"எந்தப் பாட்டு?"

"சோகப் பாட்டு."

மெஷின்காரர் சோகமாகச் சாய்ந்தார். டச்சிங்காரர் காமிராவைத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து, வலப்பக்கம் நின்று, முதுகைச் சுற்றிக் கொண்டுபோய் அவருடைய இடது தோளில் தன் இடது கையை வைத்தார். முதல் படத்தில் கை பயந்துபோய் இருந்தது. இரண்டாவதில் கடன் கேட்பதுபோல் இருந்தது.

"அண்ணே, பதினோரு தடவை ஆச்சு. எதுக்குன்னு சொன்னா நானும் ஒத்துழைப்பேன்."

"வேலைக்குத்தான்."

"அதுக்கு எதுக்கு இந்தப் பிடி? தோள் கழண்டுரும் போல இருக்கு. பொண்டாட்டி தோள்னு நினைச்சு மெதுவா வைங்க."

பன்னிரண்டாவது படம் சரியாக வந்தது.

அவருடைய இடது கை மோதிர விரல் நடு முட்டியில் கொஞ்சம் வளைந்திருக்கும். கல்யாணமாகி மூன்றாவது வருடம் இதே அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்ட விரல். எலும்பு முறிவுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது மனைவியின் தொழில். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் பார்த்துவிட்டு வந்து, மூன்று மாதம் தினமும் அந்த விரலையும் மடக்கி நீட்டி ஓரளவுக்கு ஒப்பேற்றியவள் அவள்தான். கணினியில் ஒரு நிமிடத்தில் அதை நிமிர்த்திவிடலாம். டச்சிங்காரர் நிமிர்த்தியும் பார்த்தார். நிமிர்ந்த விரலோடு அது வேறு எவனுடைய கையோ போலத் தெரிந்தது. வேண்டாம் என்று பழையபடி வளைத்துவிட்டார். தன் கை என்றால் தன் கையாகவே இருக்கட்டும்.

புள்ளி தூவி, வெளிச்சத்தைச் சரிசெய்து, கையைத் தோளில் உட்கார வைத்தபோது, பிறவியிலேயே அங்கே இருந்த கை மாதிரி பொருந்திப்போனது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் துணிச்சல். பழைய கையோடு இருந்த மூலப்படத்தைக் கணினியிலிருந்து நிரந்தரமாக அழித்தார். மாதிரி பார்க்க வேண்டும் என்று சொல்லி, பாடகரிடம் இருந்த பழைய பிரதியையும் ஆள் அனுப்பி வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டார். நெகட்டிவ் தொலைந்து பல வருடம் ஆகிவிட்டதாம். இனி உலகத்தில் அந்தத் தோளுக்கு ஒரே கைதான்.

மறுநாள் பாடகர் பேசினார்.

"இதுதாங்க. இதேதான். அன்னைக்கு மேடையில இருந்து நான் பார்த்த கை இதுதான். அந்த வளைஞ்ச விரலை நான் எப்படி மறப்பேன்."

டச்சிங்காரர் அடக்கத்தோடு நன்றி சொன்னார். உறை அச்சேறியது. இரண்டு வாரம் அவருக்கு வயிறு எரியவில்லை. வீட்டில் மனைவி 'இன்னொருத்தர் குடை'யை முணுமுணுத்தபோதுகூட, பாடட்டுமே என்று பெருந்தன்மையாக இருந்தார்.

மூன்றாவது வாரம் ஆல்பம் கம்பெனிப் பெண் பேசினாள்.

"சார், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அந்தக் கை யாருதுன்னு கண்டுபிடிக்கப்போறோம்."

டச்சிங்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு மேடம் அதெல்லாம்?"

"பாடகர் ஆசைப்படறார். வெளியீட்டு விழாவுல அந்த ஜோடியை மேடையேத்தணுமாம். உறையை யாருக்கும் காட்டல. பழைய ரசிகர்களுக்கு வாய் வார்த்தையா மட்டும் சொல்லிவிட்டோம், கடைசிக் கச்சேரி, முன்வரிசை, கண்ணாடி போட்ட பொண்ணு, தோள்ல கை போட்டது யாருன்னு. இதுவரைக்கும் மூணு பேர் நான்தான்னு வந்திருக்காங்க."

"மூணு பேரா?"

"ஒருத்தர் பல் டாக்டர். ரொம்ப உருகிட்டார் சார். அன்னைக்கு மழையாம், அந்தப் பொண்ணுக்குத் தன் குடையைக் குடுத்துட்டு இவர் நனைஞ்சுக்கிட்டே போனாராம். அதைப் பார்த்துத்தான் நீங்க அந்தக் குடைப் பாட்டையே எழுதினீங்கன்னு பாடகர்கிட்டயே சொல்றார்."

"பாட்டு முன்னாடியே வந்துடுச்சே மேடம். அது கடைசிக் கச்சேரிதானே."

"பாடகருக்கே இப்ப சந்தேகமா இருக்கு சார்."

ஒருவனை அழித்த இடத்தில் மூன்று பேர் முளைத்திருந்தார்கள். அவரவர் ஒரு மழையும் ஒரு குடையும் வைத்துக்கொண்டு, டச்சிங்காரரின் மனைவியோடு இஷ்டத்துக்கு நனைந்துகொண்டிருந்தார்கள். அதிலும் அந்தப் பல் டாக்டர் இவருடைய கையையே தன் கை என்று சொல்லிக்கொண்டு அலைகிறான் என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. எவனோ ஒருத்தன்மேல் இருந்த பொறாமையாவது பரவாயில்லை. இப்போது அவர் தன் கைமேலேயே பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது.

உண்மையைச் சொல்லலாம் என்றால், கையை வெட்டி ஒட்டியதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். ஒட்டின காரணத்தைச் சொன்னால் மானம் போகும். அரைமணி நேரம் யோசித்துவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நேராக ஆல்பம் கம்பெனிக்குப் போனார்.

அங்கே நீளமான மேஜைக்குப் பின்னால் பாடகர் உட்கார்ந்திருந்தார். தலைமுடி தோள்வரைக்கும் இருந்தது, ஆனால் உச்சியில் மட்டும் இல்லை. எதிரே பல் டாக்டர் மேஜைமேல் இடது கையை விரித்து வைத்திருந்தார். ஐந்து விரலும் பேனா மாதிரி நேராக இருந்தன.

"இருபது வருஷத்துல நிமிர்ந்துருச்சுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டச்சிங்காரர் மேஜையருகே போனார். டாக்டருடைய கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

பாடகர் உறையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி உறையைப் பார்த்தார். பிறகு அந்த வளைந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்களா?"

"நான்தான்."

"சார், நீங்க டச்சிங் பண்றவர் இல்லையா?" என்றாள் கம்பெனிப் பெண். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லணுமான்னு கூச்சமா இருந்துச்சு."

"அதான் சார் முதல் தடவை கையை அழிச்சுட்டீங்க" என்று அவளே காரணத்தையும் கண்டுபிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு?"

டச்சிங்காரர் பல் டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக அவர் யாரையும் பார்த்ததில்லை. "என் மனைவி" என்றார்.

விழாவில் இருவரும் மேடையேறுவது என்றும், மனைவியிடம் அதுவரை மூச்சு விடுவதில்லை என்றும் ஏற்பாடானது. ரகசியமாக வைக்கச் சொன்னது டச்சிங்காரர்தான். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. எல்லோர் முன்னாலும் உறையைத் திறந்து காட்டும்போது, அந்தத் தோளில் அவள் பார்க்கப்போவது புருஷனுடைய கையை. இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தும் மன்னித்துவிட்டார், மன்னித்தது மட்டுமில்லை, பழைய கையைத் துடைத்துத் தன் கையையே வைத்துவிட்டார் என்று அவளுக்குப் புரியும். கண் கலங்கும். அதற்குப் பிறகு குடைப் பாட்டைக் கேட்டால் அவளுக்கு வேறு யார் ஞாபகமும் வராது.

மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் குளியலறையில் ஒத்திகை பார்த்தார். அந்தக் கச்சேரி நடந்த அன்று அவர் உண்மையில் வேறொரு தெருவில் தட்டச்சுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ஒத்திகை முடிவதற்குள் அது அவருக்கே மறந்துபோய்விட்டது. மழையையும் குடையையும் பல் டாக்டரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவன் மட்டும் இவர் கையை எடுத்துக்கொள்ளவில்லையா?

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இசைத்தட்டு விற்கும் கடையின் மாடியில் நடந்தது. வழுக்கையும் தொப்பையுமாக நூறு பேர், எல்லோரும் கறுப்புச் சட்டையில். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னங்க, நிஜமாவே அவங்கதானா? எல்லாப் பாட்டையும் ஒண்ணா போட்டுட்டாங்களா? எனக்காகவா இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"உனக்காகத்தான்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வளைந்த விரலை, பழக்கதோஷத்தில், லேசாக மடக்கி நீட்டிவிட்டாள். இசைத்தட்டு சுழன்றது. பூட்டின லிஃப்டுக்குள்ளிருந்து ஒருவன் அழுவது போன்ற அந்தப் பாட்டுகள் டச்சிங்காரருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிடித்திருந்தன. மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அதே சாய்வு.

பாடகர் பெயர் சொல்லாமல், கைக்குச் சொந்தக்காரர் என்றே அவரை மேடைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஆளுயரப் பலகை ஒன்று துணியால் மூடியிருந்தது. டச்சிங்காரர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"இருபது வருஷம் முன்னாடி, இவங்க கடைசிக் கச்சேரியில, முன்வரிசையில ஒரு பொண்ணு நின்னுச்சு. எல்லாரும் மேடையைப் பார்த்தாங்க, நான் அந்தப் பொண்ணைத்தான் பார்த்தேன். தோள்ல கை போட்டேன். அந்தப் பொண்ணு எடுக்கச் சொல்லல. வெளிய வந்தா நல்ல மழை. என் குடையைக் குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போனேன். அன்னைக்கு வச்ச கையை இன்னைக்கு வரைக்கும் நான் எடுக்கல."

கறுப்புச் சட்டைக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். கடைசி வரிசையில் பல் டாக்டர்கூடக் கைதட்டினார்.

"அந்தப் பொண்ணு இப்ப உங்க நடுவுலதான் உட்கார்ந்திருக்கு" என்றார் டச்சிங்காரர். "மேல வாம்மா."

கைதட்டலுக்கு நடுவில் மனைவி எழுந்து வந்தாள். பாடகர் துணியை இழுத்தார். ஆறடி உயரத்துக்கு அந்த முகமும் தோளும் கையும் எழுந்து நின்றன.

மனைவி முதலில் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகைக்குப் பக்கத்தில் போய், அந்த வளைந்த விரலை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். திரும்பி வந்து டச்சிங்காரரின் இடது கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒலிவாங்கி இருவருக்கும் நடுவில் இருந்ததால், அவள் மெதுவாகக் கேட்டதுகூட மாடி முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"என்னங்க, இந்த விரல் வளைஞ்சது நமக்குக் கல்யாணமாகி மூணாவது வருஷம். அப்போ இந்தப் பொண்ணு யாரு?"